நாய்க்குக் கிடைத்த இரக்கம்

2017இல் வந்த 'மேகன் லீவி' உண்மைக் கதை. ஈராக்கில் ரெக்ஸ் என்ற மோப்ப நாயோடு வெடிகுண்டு தேடிய அமெரிக்க மரைன் படைப் பெண்ணின் கதை. 2006இல் ரமாடியில் குண்டு வெடித்து இருவருமே காயப்பட்டார்கள். மேகன் ஊர் திரும்பினார். ரெக்ஸ் படையிலேயே இருந்தது. போராடி 2012இல்தான் அதைத் தத்தெடுக்க முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரெக்ஸ் இறந்துபோனது.

இயக்குநர் கேப்ரியேலா கௌபர்த்வெய்ட் மேகனைக் காதலால் குணப்படுத்தவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். காதல் வருகிறது, போகிறது. தூங்க முடியாத இரவை அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ரெக்ஸுக்கு விளக்க வேண்டாம். அதற்கும் அதே காயம். ஆனால் அந்தப் போரில் வீடிழந்த ஈராக்கியப் பெண்கள் எப்படித் தூங்கினார்கள் என்று படம் கேட்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து பார்க்கும் நமக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரெக்ஸ் மேகனிடம் வந்த அதே 2012இல், செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே விபத்துகளில் பிழைக்கும் பெண்களை யாரும் போர் கண்டவர்கள் என்று சொல்வதில்லை. தீக்காயத்துக்கு மருந்துண்டு, நடுக்கத்துக்குப் பேர்கூடக் கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்குப் பேர்போன மாவட்டம்தான். அவை வேட்டைக்கும் காவலுக்கும், ஆண்களின் பெருமைக்கும். சோறு வைப்பது மட்டும் பெண்கள்.

தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் பதுங்கும் நாயைப் பார்த்து, "பாவம், சத்தம் தாங்கல" என்கிறோம். அடுப்படியில் கை நடுங்க நிற்பவளிடம், "நீ செஞ்ச வெடிதானே, இதுக்குப் போயா?" என்கிறோம்.