வெள்ளை மடிப்பும் கறுப்புக் குல்லாவும்

கிரேக்க மரபுடையில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைக் குழுப்படங்களில் முகங்களுக்கு முன்பே என்னை இழுப்பது ஃபுஸ்தனெல்லா. ஆண்கள் இடுப்பில் உடுத்தும் வெள்ளைப் பாவாடை அது. நூற்றுக்கணக்கான மடிப்புகள் கொண்டது. வெளிச்சம் நேராக விழுந்தால் அத்தனை மடிப்பும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் மடிப்புக்கு மடிப்பு மெல்லிய நிழல் தங்கும்.

அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஒளிப்படத் தகடுகள் சிவப்பை உணராதவை. செந்நிறக் குல்லா கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். ஆகவே குழுப்படத்தில் யாருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதைக் கண்ணில் படும் நிறத்தை நம்பி முடிவு செய்ய முடியாது. தகட்டில் விழப்போகும் சாம்பல் சாயல்களை முன்கூட்டியே மனத்தில் பார்க்க வேண்டும். எவ்வளவு நுட்பமான வேலை! ஃபுஸ்தனெல்லாக்காரர்கள் நெருங்கி நின்றால் ஓர் உடல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இடையில் கருநிற மேலுடை அணிந்த ஒரு பெண்ணை நிறுத்தினால் இருபக்க வெள்ளையும் துலங்கும். முன்வரிசையில் ஒருவர் தரையில் உட்கார்ந்தால் குஞ்சம் வைத்த காலணிக்கும் இடம் கிடைக்கும்.

டிரெஸ்டனில் ஒளிப்படக் கலைஞர் ஹூகோ எர்ஃபுர்ட்டிடம் பயின்று, 1920களில் ஏதென்ஸில் ஸ்டூடியோ திறந்த நெல்லி, இத்தகைய கிராமத்து உடைகளை ஆசையோடு படமெடுத்தவர். அவருடைய தொகுப்பு ஏதென்ஸின் பெனாகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படங்களில் பூவேலையின் ஒவ்வொரு தையலையும் நிதானமாகப் பார்க்கலாம்.