மலை, காமிரா, கொப்பரை: ‘கண்டெடுத்தல்’ பற்றிச் சில குறிப்புகள்

நவீன ஓவியம், புகைப்படம், கைப்பொருள் வடிவமைப்பு பற்றிப் பேச வருகிறவர்கள் ரொம்பவும் சரளமாக உபயோகிக்கிற ஒரு சொல் ‘கண்டெடுத்தல்’. ஒரு ஓவியனைக் கண்டெடுத்தேன், ஒரு பொம்மையைக் கண்டெடுத்தேன், ஒரு கிராமத்தையே கண்டெடுத்தேன் என்கிறார்கள். கொலம்பஸின் வினைச்சொல் இது. அங்கே ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறைப்பதுதான் இந்தச் சொல்லின் முதல் வேலை. கண்டெடுத்தவருக்குப் பெயர் உண்டு. கண்டெடுக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் இருக்காது.

திருவண்ணாமலையைப் போல் திரும்பத் திரும்பக் ‘கண்டெடுக்கப்பட்ட’ ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பக்தர், ஆய்வாளர், வெள்ளைக்காரச் சாமியார், காமிராக்காரர் என்று வந்தபடியே இருக்கிறார்கள். ஆகவே கலையில் யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கப்படுகிறார்கள் என்ற கேள்வியை இந்த ஊரில் நின்று கேட்கலாம்.

இந்த ஊரின் மிகப் பிரபலமான புகைப்படத்திலிருந்து தொடங்குவோம். வெல்லிங் எடுத்த ரமணரின் மார்பளவுப் படம். ஆட்டோவில், டீக்கடையில், லாட்ஜ் வரவேற்பில், காலண்டரில் எங்கும் அது தொங்குகிறது. பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டுப் படத்தைப் படமாகப் பார்த்தால், அந்தக் காலத்து ஸ்டுடியோ மரபின் சாமான்கள் எதுவும் அதில் இல்லை. நாற்காலி இல்லை, பூச்சாடி இல்லை, வரைந்த திரைச்சீலை இல்லை. முகமும் தோளும் வெளிச்சமும் மட்டும். இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைத் தேய்த்துவிடும் என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதினார். இங்கே நேர் எதிராக நடந்திருக்கிறது. பிரதியெடுக்க எடுக்க அந்தப் படத்துக்கு ஒளிவட்டம் கூடிக்கொண்டே போகிறது. மூலம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அச்சகத்திலிருந்து வந்த தாளுக்கே பூ வைக்கிறார்கள். மேற்கத்தியக் கோட்பாட்டை அப்படியே தூக்கிவந்து இங்கே பொருத்திவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்து ஹென்றி கார்த்தியே ப்ரஸ்ஸோன். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் இறந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். தீர்மானமான கணம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1952இல்தான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் இங்கே எடுத்த படங்களைவிட, அன்றிரவு வானத்தில் நகர்ந்ததாக அவர் சொன்ன ஒளிதான் அதிகம் பேசப்படுகிறது. படமாகாத ஒன்றுக்குச் சாட்சியாக ஒரு புகைப்படக்காரர் நினைவில் நிற்கிறார். ஊர் அவரிடம் எடுத்துக்கொண்டது ஒரு அற்புதத்தை. காமிராவை அவரிடமே விட்டுவிட்டது.

இந்த இரண்டிலும் பார்வையின் திசை ஒன்றே. மேலே பார்க்கிறது: முனிவர், மலை, வானம், தீபம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் குவிந்து கிடக்கிற குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்பது அந்தச் சட்டகத்துக்குள் வராது. சட்டகம் எதை உள்ளே வைக்கிறதோ அதைவிட எதை வெளியே தள்ளுகிறதோ அதுதான் அதன் அரசியல்.

இந்தத் திசையைக் கொஞ்சம் கீழே இறக்கிய முயற்சியாகவே அபுல் கலாம் ஆசாத்தின் வேலையைப் பார்க்க வேண்டும். 1964இல் கொச்சியில் பிறந்தவர். பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். பிறகு திருவண்ணாமலைக்கு வந்து தங்கினார். அவர் தொடங்கிய ஏகலோகம் என்ற அறக்கட்டளை வழியாக 2014–15இல் ‘புராஜெக்ட் 365’ என்ற கூட்டு முயற்சி நடந்தது. பல புகைப்படக்காரர்கள் சேர்ந்து இந்த ஊரையும் அதன் அன்றாடத்தையும் ஒரு வருஷத்துக்குப் பதிவு செய்வது திட்டம். தீபத்துக்கு மூன்று நாள் வந்து போகிற காமிராவுக்கும் வருஷம் முழுக்க இருக்கிற காமிராவுக்கும் வித்தியாசம் உண்டு. மூன்று நாள் காமிராவுக்கு ஊர் ஒரு காட்சி. ஒரு வருஷம் இருக்கிற காமிராவுக்கு வெயில் தெரியும், மழை தெரியும், கூட்டம் போன பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் தெரு தெரியும்.

ஆசாத்தின் தனிப்பட்ட படைப்புகளில் இன்னொரு விஷயம் முக்கியம். நெகட்டிவின் மேலும் பிரிண்டின் மேலும் கீறுவார், கிறுக்குவார், வண்ணம் பூசுவார். புகைப்படம் உண்மையின் ஜன்னல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கண்ணாடியில் விழுகிற கீறல் இது. இதுவும் ஒருவர் கையால் செய்த ஒரு பரப்புதான், இதற்கும் ஒரு சார்பு உண்டு என்று படமே ஒப்புக்கொள்கிறது. பெரிய வரலாறு கைவிட்ட நுண்வரலாறுகளைப் புகைப்படத்தால் எழுத முடியும் என்கிற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

‘இதுல என்னங்க இருக்கு, நம்ம தெருதானே?’ என்று இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துக் கேட்கிறவர்கள் உண்டு. இதை ரசனைக் குறைவு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது தப்பு. நம்ம தெரு ஏன் இன்னொருத்தர் எடுத்தால் கலையாகிறது, நாமே எடுத்தால் ஆல்பத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. எவ்வளவு நல்ல கூட்டு முயற்சியானாலும் அதற்கு இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடையாது.

படத்துக்குச் சொன்னது பொருளுக்கும் பொருந்தும். இந்தியாவில் வடிவமைப்பு பற்றிப் பேசும் எவரும் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1958ஆம் வருஷத்து அறிக்கையைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வருவதற்கு அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருட்களில் லோட்டாவை, அதாவது நம் செம்பை, அவர்கள் கொண்டாடினார்கள். தனி ஒருவர் அதை வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து வடித்தது என்பது அவர்கள் வாதம். அழகான வாதம். ஆனால் ‘பலர்’ என்ற சொல் இங்கே ஒரு வேலை செய்கிறது. பட்டறையில் சுத்தியல் பிடித்தவனுக்குச் சாதி இருந்தது, கூலி இருந்தது, பெயரும் இருந்தது. பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ரோலண்ட் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததைத் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் எத்தனையோ பக்கங்களில் விவாதித்துவிட்டன. கன்னாரையும் குயவரையும் பொறுத்தவரை அந்த விவாதமே வேறு. ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாதவனுக்கு மரணம் எங்கிருந்து வரும்?

திருவண்ணாமலையின் தீபக் கொப்பரையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கார்த்திகைக்கு 2668 அடி உயர மலையின் உச்சிக்குப் போகிற செப்புக் கொப்பரை. வடிவமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். அது ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யில் ஊறிய காடாத் துணித் திரி அதில் எரிய வேண்டும். உச்சிக் காற்றையும் கார்த்திகை மழையையும் தாங்க வேண்டும். 11 நாள் எரிய வேண்டும். பல மைல் தூரத்திலிருந்து ஒற்றைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். எரிந்து முடிந்து மிஞ்சுகிற மை கூட வீணாவதில்லை, ஆருத்ரா தரிசனத்தின்போது பிரசாதமாகிறது. பொருளுக்கு வெளியே அர்த்தநாரீஸ்வரர் உருவம் வரைகிறார்கள். ஆண் பாதி, பெண் பாதி. தூரத்தில் நிற்கிற லட்சம் பேருக்கு அந்தச் சித்திரம் தெரியவே தெரியாது. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே அது தெரியும். லட்சம் பேருக்குப் புள்ளி, பத்துப் பேருக்குச் சித்திரம்.

தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜகுலத்தாருக்கு. மீன்பிடி சமூகம். மலையுச்சியின் நெருப்பு நீரில் வேலை செய்கிறவர்கள் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதலாம்! சடங்கு அவர்களுக்கு ஒரு இடம் தந்திருக்கிறது. சடங்கைப் படமெடுக்கிற கலையிலோ அவர்கள் பெரும்பாலும் நெருப்புக்கு முன்னால் நிற்கிற நிழலுருவங்கள்.

அப்படியானால் காமிரா யார் கையில் இருக்க வேண்டும்? இதற்கு விடை தேட ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டியிருக்கிறது. மதுரைக்காரரான எம். பழனிக்குமார், 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறங்க வைக்கப்படுகிறவர்களையும், அதில் இறந்தவர்களின் குடும்பங்களையும் தொடர்ந்து படமெடுத்துவருபவர். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சட்டத்துக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை என்பதை இந்தப் படங்கள் விடாமல் சொல்கின்றன. இந்திய கிராமப்புற மக்கள் ஆவணமான ‘பாரி’யும் தயாநிதா சிங்கும் சேர்ந்து நிறுவிய ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவர் அவர்தான்.

விருதைவிட முக்கியமானது வேறு. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படம் கற்றுத் தருகிறார். அதாவது சட்டகத்துக்குள் நின்றவர்களின் பிள்ளைகள் சட்டகத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். அதனால் படம் தானாகவே நல்ல படமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பாதிக்கப்பட்டவன் எடுத்தால் எல்லாம் கலை என்பது இன்னொரு வகை மூடநம்பிக்கை. ஆனால் தன் அம்மாவின் கையை ஒரு பெண் எந்த உயரத்திலிருந்து படமெடுக்கிறாள் என்பது, வெளியாள் ஒருவரின் இரக்கம் போய்ச் சேராத உயரம். இரக்கம் எப்போதும் கொஞ்சம் மேலே நின்றுதான் பார்க்கும்.

மறுபடி மலைக்கு வருவோம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அதே அண்ணாமலையின் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டது; பக்தர்கள் மலையேற அனுமதியில்லை. அந்த வாரம் பத்திரிகைகளில் வந்த படங்களில் மலை சிவனாக இல்லை. பாறையாகவும் சேறாகவும் இருந்தது. சரிவில் ஏன் வீடு கட்ட வேண்டி வந்தது, கீழே யாருக்கு நிலம் இருந்தது என்ற கேள்விகள் அந்தப் படங்களின் ஓரத்தில் நின்றன. அவை காலண்டரில் ஏறாது. வெல்லிங்கின் படத்துக்குப் பக்கத்தில் யாரும் அவற்றை மாட்டமாட்டார்கள். திருவண்ணாமலையைப் பற்றிய சமகாலக் கலை என்று ஒன்று இருக்குமானால், தீபத்தின் மலையும் இடிந்த மலையும் ஒரே மலைதான் என்கிற விஷயத்தோடு அது மல்லுக்கட்டியாக வேண்டும்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. எழுத்தாளர்கள், இயக்கத்தவர் என்று சொல்லிக்கொள்கிற நாம் படத்தை இன்னும் ‘உபயோகிக்கிற’ பழக்கத்தில்தான் இருக்கிறோம். கவிதைக்குக் கீழே இடம் மிஞ்சினால் ஒரு கோட்டோவியம். மாநாட்டு மேடைக்கு ஒரு பின்திரை. 1969இல் காந்தியைத் தொடர்ந்து கோடுகளில் வரைந்தவரான ஆதிமூலத்தை (1938–2008) எத்தனையோ அட்டைகளில் பார்த்திருக்கிறோம். அவருடைய ஒரு கோட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடிய விடியக் கலை இரவு நடத்திய திருவண்ணாமலையில், விடிய விடிய உட்கார்ந்து நாலு புகைப்படங்களைப் பற்றிப் பேச ஏன் முடியாது? அந்தப் பேச்சுக்குப் படமெடுத்தவரைக் கூப்பிடுவது சுலபம். படத்தில் இருப்பவரையும் கூப்பிட வேண்டும், அவருக்குப் பேச முதல் முறை தர வேண்டும். கொப்பரை அடிக்கிற கன்னாரைக் கூப்பிட்டு ‘இந்த வளைவை ஏன் இப்படி எடுத்தீங்க?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லப்போகும் பதிலை எழுதிக்கொள்ள நம்மிடம் இன்னும் கலைச்சொற்கள் இல்லை. அதனாலென்ன, அவரிடம் இருக்கும்.