பீற் சீகரும் படக்கருவியும்

ஒருவர் பாடப் பலர் வாளாவிருந்து கேட்டல் அரங்கிசைக்கு முறையாகலாம்; நாட்டுப்பாடலுக்கு அது முறையன்று. ஏற்றம் இறைப்போரும் மரந்தறிப்போரும், ஒருவர் முதலடி எடுக்க ஏனையோர் பின்னடி தொடுக்கப் பாடியனவே அப்பாடல்கள். இவ்வியல்பினை அமெரிக்க நகர மேடைகளிற் பேணியவருள் தலையாயவர் பீற் சீகர் (1919–2014). கேட்போரைப் பாடுவித்தலே அவர்தம் கலையின் உயிர்நிலை. அங்ஙனமாயின், மறுமொழி கூறாத படக்கருவியின் முன் அக்கலை யாதாகும்? அவருடைய திரைப்பட, தொலைக்காட்சித் தோற்றங்களை ஆராயப் புகுவார்க்கு எழும் முதல் வினா இதுவே.

1947இல் அலன் லோமாக்ஸ் எழுதிய குறும்படமொன்றிற் பாஞ்சோவை ஏந்தி விளக்கவுரை கூறும் இளைஞராக அவர் தோன்றுகின்றார். பாடம் சொல்லும் ஆசிரியரின் மிடுக்கன்றி அதிற் பெரிதாக ஒன்றுமில்லை. பின்னர் 1950இல் 'வீவர்ஸ்' குழுவினரின் இசைத்தட்டுகள் நாடெங்கும் புகழ்பெற்ற வேளையிலேயே தடைப்பட்டியல் குறுக்கிட்டது. சீகர் ஒரு காலத்திற் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினராயிருந்தமை மெய்யே. ஆயினும், ஒருவர் கொள்கையை வினவும் உரிமை அரசுக்கு இல்லையென 1955இல் விசாரணைக் குழுவின் முன் அவர் விடையிறுக்க மறுத்தார். 1961இல் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுஆண்டே நீக்கியது. தொலைக்காட்சிக் கம்பனிகளோ கதவைத் திறந்தில. 1963இல் ஏ.பி.சி. நிறுவனம் 'ஹூற்றனானி' என்னும் நாட்டுப்பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அச்சொல்லைப் பரப்பியவரே சீகர். அவருக்கு அதில் இடமில்லை! ஜோன் பயஸ் முதலியோர் அதிற் பாட மறுத்தனர்.

பெருநிலையங்கள் ஒதுக்கியவருக்கு நியூவார்க்கிலே, பெரும்பாலும் ஸ்பானிய மொழி நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிய சிறு நிலையமொன்று இடமளித்தது. 1965–66இல் அங்கு உருவான 'றெயின்போ குவெஸ்ற்' என்னும் முப்பத்தொன்பது நிகழ்ச்சிகளே அவருடைய தொலைக்காட்சிப் பணியின் சிகரம். ஒரு மேசை, சில நாற்காலிகள், கறுப்பு வெள்ளைப் படம், அவையோர் எவருமிலர். நிகழ்ச்சியை நடத்த உழைத்த துணைவியார் ரொஷி, பெயர்ப்பட்டியலிலே தம்மைத் தலைமைச் சமையற்காரியென்றும் போத்தல் கழுவுபவரென்றும் குறித்துக்கொண்டார்.

சீகர் தனித்துப் பாடும் இடங்களில் ஒரு வெறுமை தோன்றுவதை மறுத்தற்கில்லை. பின்பாட்டுக்கென அவர் விடும் இடைவெளி நிரம்பாமலே கிடக்கின்றது. ஆனால் விருந்தினர் வந்தமர்ந்ததும் காட்சி மாறுகின்றது. எலிசபெத் கொற்றனை நோக்குக. சீகரின் தந்தையார் இல்லத்தில் வீட்டுவேலை பார்த்த அம்மையார் அவர், இடக்கையர். வலக்கையர்க்கென நரம்பு கட்டிய கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து, விரல்களால் அடியிசையையும் பெருவிரலால் மெட்டையும் எழுப்புவார். இசைத்தட்டு ஆயிரந்தரம் சுழன்றாலும் இவ்வித்தையைக் காட்டாது, படம் காட்டுகின்றது. அருகிலே தலைசாய்த்துக் கேட்கும் சீகரின் முகமே இங்கு அவையாகின்றது. பாடுவோராக அன்றிக் கேட்போராகவே அவர் திரையிற் சிறந்தார் எனலாம். எனினும், தடையால் நன்மை விளைந்ததென மகிழ்தல் தகாது. கோடிக்கணக்கானோர் காணவேண்டியவற்றை அன்று மிகச் சிலரே கண்டனர்.

1966இல் ரெக்சஸ் சிறையிலே கோடரிகொண்டு மரம் வெட்டுவோர் பாடும் பாடல்களைச் சீகர் குடும்பத்தினர் புரூஸ் ஜக்சனுடன் சேர்ந்து படமாக்கினர். அப்படத்தில் அவர் பின்னின்றமையும் இவ்வியல்பின்பாற்பட்டதே.

1967 செப்ரெம்பரிற் 'ஸ்மதர்ஸ் சகோதரர்' நிகழ்ச்சிக்காக, ஆற்றிலே படையை மேலும் மேலும் இறக்கும் தலைவனைப் பற்றிய பாடலை அவர் பாடினார். வியட்நாம் போரையும் சனாதிபதி ஜோன்சனையுமே அது சுட்டுகின்றதென உணர்ந்த சி.பி.எஸ். நிறுவனம் அதனை வெட்டியது. கண்டனம் எழவே, 1968 பெப்ரவரி 25இல் அவர் மீண்டும் பாடினார். நாடு முழுவதும் கேட்டது.

இறுதியாக, 1969இல் வெளிவந்த 'அலிசஸ் றெஸ்ரோறன்ற்' திரைப்படம். அதிற் சீகர் சீகராகவே வருகின்றார். நோயுற்ற வூடி கத்திரியாக நடிப்பவர் படுக்கையிற் கிடக்கின்றார். பாடவோ பேசவோ அவரால் இயலாது. கட்டிலருகே பாஞ்சோவுடன் அமர்ந்து சீகர் பாடுகின்றார். வூடியின் மெய்ம்மகனான ஆர்லோ உடன் சேர்ந்துகொள்கின்றார்.