கண்ணாடி ஓட்டு வெளிச்சம்

எஸ்.இளையராஜாவின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்பதுதான். அந்தப் பாராட்டு எனக்கு ஒப்புவதில்லை. போட்டோவில் இருட்டு வெறும் கறுப்பாக அடைத்துக்கொண்டு நின்றுவிடும். இளையராஜாவின் இருட்டுக்குள் அடுப்படிச் சுவரில் படிந்த புகைக்கரி தெரியும். கைபட்டுக் கைபட்டு மினுமினுத்துப்போன தூண் தெரியும்.

பெரியகுளம் தென்கரையில் எங்கள் அம்மாச்சி வீடு. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாப் பிள்ளைகளும் அங்கே கூடிவிடுவோம். பட்டாசாலைக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அது வழியாக இறங்கும் வெயில்கட்டம் தரையில் ஊர்ந்துகொண்டே போகும். சித்திமார் அதற்கேற்ப நகர்ந்து உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். மூலையில் வைக்கோலுக்குள் கல்லாமை, காசா மாங்காய்கள் பழுத்துக்கொண்டிருக்கும். வார இதழ்க் கதை ஒன்றுக்கு இளையராஜா வரைந்திருந்த படத்தில் அந்த வெயிலை மறுபடி பார்த்தேன். மாம்பழ வாசனையும் கூடவே வந்தது.

1979இல் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர். எங்கள் மலையடிவாரத்துக்கும் காவிரிக்கரைக்கும் ரொம்ப தூரம். ஆனால் ஓட்டு வீட்டுக்குள் வெளிச்சம் நுழையும் விதம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டச்சு ஓவியர் வெர்மீர் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த பால் ஊற்றும் பெண்ணுக்கு வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து கிடைக்கிறது. நம் வீடுகளில் அது தலைக்கு மேலிருந்து, முற்றத்திலிருந்து, ஓட்டு இடுக்கிலிருந்து சொட்டும். நெற்றி, மூக்கு நுனி, தோள்பட்டை என்று மேட்டில் மட்டும் பட்டுவிட்டுப் போகும். மாநிறத் தோலில் அப்படி விழும் வெளிச்சத்துக்கு ஒரு செம்பு நிறம் உண்டு. இளையராஜா அதை எண்ணெய் வண்ணத்தில் பிடித்துவிட்டார். பவுடர் பூசாத நம் பெண்களை அவர்களுடைய நிறத்திலேயே, அத்தனை மரியாதையோடு உட்கார வைத்தார்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் வரைந்த பெண்கள் அநேகமாக எல்லாரும் இளமையானவர்கள், அலுப்பில்லாதவர்கள். உலையில் அரிசி போட்டுப் போட்டுக் கை காய்த்துப்போன என் அம்மாச்சியை அங்கே தேடியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் வரைந்திருப்பார் என்றே நம்புகிறேன். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் படங்களில் அடிக்கடி வரும் பித்தளைப் பாத்திரத்தைக் கவனியுங்கள். முக்கால் பங்கு இருட்டில் கிடக்கும். விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளைத் தீற்றல். அந்தத் தீற்றலை வைத்தே, படத்துக்கு வெளியே கூரையில் எந்த இடத்தில் வெளிச்சம் இறங்குகிறது என்று கைநீட்டிக் காட்டிவிடலாம்.