கைத்தாளம் காட்டிக்கொடுக்கும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் மாலைத் தமிழ்ப் பாராயணத்தை ஒரு சவுண்ட் இன்ஜினியரின் காதோடு கேட்டுப் பார்க்க வேண்டும். சமாதி மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு சாரார் பாடி நிறுத்திய கடைசிச் சொல் தரையிலும் கூரையிலும் பட்டுத் தேய்ந்துகொண்டிருக்கும்போதே மறுசாரார் அடுத்ததை எடுத்துவிடுவார்கள். அந்தத் தேய்மானத்தின் மேல்தான் புது வரி வந்து உட்காருகிறது. யார் குரலும் துருத்திக்கொண்டு முன்னால் நிற்பதில்லை. அதற்காகச் சொல் எதுவும் மங்குவதும் இல்லை. ஒரு ஃபேடரையும் யாரும் தொடாமல் அமைந்த மிக்ஸ். ஒலிப்பதிவில் ருசி உள்ளவர்கள் இந்த ஊருக்கு வந்தால் முதலில் மலையைப் பார்க்கட்டும், அடுத்ததாக இதைக் கேட்கட்டும் என்பேன்.

அங்கே பாடப்படுபவற்றில் பலருக்கும் மனப்பாடமானது அட்சரமணமாலை. 108 கண்ணிகள். ரமண மகரிஷி விருபாட்ச குகையில் இருந்த காலத்தில், ஊருக்குள் பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காக எழுதியது. தெருவுக்காகப் பிறந்த பாட்டு. ரமணரின் ஓடும் படங்கள் சில உண்டு, அவற்றில் ஒலி கிடையாது. ஆகவே அவர் எழுதியதெல்லாம் பிறர் குரலில்தான் நமக்கு வந்து சேர்கிறது. ஆசிரமமே வெளியிட்ட பாராயணப் பதிவுகள், பெங்களூரு ரமண மகரிஷி கல்வி மையத்தின் ரமணாஞ்சலிக் குழு, இளையராஜாவின் ‘ரமண மாலை’ என்று அந்த வரிசை நீளும். இன்று அதன் வாலில், ரமண நகரிலும் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களிலும் பத்துக்குப் பத்து அறையில் லேப்டாப்போடும் ஒரு கண்டென்சர் மைக்கோடும் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். மயில் அகவாத நேரம் பார்த்து, பஸ் ஹாரன் ஓய்ந்த நேரம் பார்த்து, ஃபேனை நிறுத்தி வியர்வையோடு பாடுகிறார்கள். எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

இவர்கள் எல்லோரிடமும் ஒரே புகார். “சாஃப்ட்வேர்ல கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. எக்ஸ்போர்ட் பண்ணினா டல்லா ஆயிடுது, சார்.”

ஏற்றுமதிப் பொத்தான்மீது பழி போடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் அது நிரபராதி. சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம், இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. ஏற்றுமதி செய்த வேவ் கோப்பை அதே ப்ராஜெக்டுக்குள் ஒரு புது ட்ராக்கில் இறக்குங்கள். மாஸ்டரில் போட்டிருக்கும் எஃபெக்ட் எதுவும் அதன்மேல் மறுபடி படாதபடி அதன் வழியைப் பிரித்து விடுங்கள். தொடக்கம் ஒரு சாம்பிள்கூடப் பிசகக் கூடாது, திரையைப் பெரிதாக்கிப் பார்த்துப் பொருத்துங்கள். பிறகு அந்த ட்ராக்கின் ஃபேஸைத் தலைகீழாக்கி, மிக்ஸையும் அதையும் சேர்த்து ஓட விடுங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து நிரவிவிடும். மீட்டர் அசையாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், காதில் ஒன்றும் விழாது. அப்படியென்றால் ஏற்றுமதி எதையும் தின்னவில்லை என்று பொருள். கோரஸ் போல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறுபடும் எஃபெக்ட் இருந்தால் மட்டும் அதன் நிழல் மெலிதாக மிஞ்சும்.

இந்த மௌனத்தை முதல்முறை கேட்பவர்களின் முகம் பார்க்கத் தகுந்தது. கோபித்துக்கொள்ள இனி ஆள் இல்லையே.

அப்புறம் ஏன் வேறு மாதிரி கேட்கிறது? கேட்கும் இடம் மாறியிருக்கிறது. போன் பிளேயரில் எப்போதோ போட்ட பாஸ் பூஸ்ட், லேப்டாப்பின் ‘ஒலி மேம்பாடு’, வால்யூமில் ஓரிரு டெசிபல் வித்தியாசம். சத்தம் சற்றே கூடுதலாக இருப்பது நல்லதாகவும், சற்றே குறைவாக இருப்பது டல்லாகவும் காதுக்குப் படும். இதில் தேர்ந்த காதும் ஏமாறும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் எதையும் ஒப்பிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் ஆசாரம்.

நிஜமாகவே ஏற்றுமதியில் கெடுகிற சில இடங்களும் உண்டு. சாஃப்ட்வேருக்குள் கணக்கு குறைந்தது 32 பிட் ஃப்ளோட்டில் நடக்கிறது. உள்ளே ஒரு ட்ராக் மீட்டரில் சுழிய டெசிபலைத் தாண்டிச் சிவப்பு காட்டினாலும் எதுவும் இழப்பாவதில்லை. 16 அல்லது 24 பிட் வேவாக வெளியே வரும்போதுதான் சுழியத்துக்கு மேல் நின்றதெல்லாம் தலை சீவப்படும். “உடையுது” என்று இங்கே சொல்வார்களே, அது இதுதான். மாஸ்டரை இறக்கி, உச்சம் சுழியத்துக்கு ஒரு டெசிபல் கீழே நிற்கும்படி விட்டால் தீர்ந்தது. எம்பி3 ஆக்கும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் எழும்பும், அந்த ஒரு டெசிபல் அதற்கும் இடம் கொடுக்கும். ரிவர்பின் வால் அடங்கும் முன் கோப்பை முடித்துவிடுவது இன்னொரு பாவம். பாராயணத்தின் தேய்மானத்தைக் கேட்டவர் இதைச் செய்ய மாட்டார். 24 பிட்டிலிருந்து 16-க்கு இறக்கும்போது டிதர் என்னும் மெல்லிய இரைச்சலைச் சேர்க்காவிட்டால் அதே வால் கடைசியில் மணல் கலந்தது போல் கரகரக்கும்.

சாம்பிள் ரேட் விவகாரம் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு நொடியில் பிடிபடும். இசைக்கு வழக்கமாக விநாடிக்கு 44,100 சாம்பிள், வீடியோவுக்கு 48,000. முறையாக மாற்றினால் ஒன்றும் ஆகாது. மாற்றாமல், 44,100-இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கிட்டத்தட்ட 9 விழுக்காடு கூடும். ஒரு கட்டையில் பாடிய கனமான குரல் ஒன்றே முக்காலில் மூக்கால் பாடுவதாக வரும். தம்புராவும் கூடவே ஏறிவிடுவதால் சுருதி பேதம் தெரியாது, குரலின் உடம்புதான் மெலிந்திருக்கும். “குரல் யாருடையதோ மாதிரி இருக்கே” என்று பாடியவரே கேட்டால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

எம்பி3-க்கு வருவோம். சீடி தரத்தில் விநாடிக்கு 1,411 கிலோபிட். 128 எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கில் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டதைத்தான் அது தூக்கி எறிகிறது. பேச்சுக்கும் வீணைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். ஜால்ரா என்கிற கைத்தாளத்திடம் பலிக்காது. ஜால்ராவின் ஒரு தட்டில் கூர்மையான தொடக்கமும், மிக உயர்ந்த அதிர்வுகளின் பெரிய கூட்டமும், நெடுநேரம் நிற்கும் ரீங்காரமும் ஒருசேர இருக்கின்றன. 128-இல் 16,000 ஹெர்ட்சுக்கு மேலே பொதுவாகக் கத்தரித்துவிடுவார்கள். மிஞ்சியதும் குழம்பும். கூர்ந்து கேட்டால், தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே ‘ஸ்’ என்று ஒரு மூச்சு வரும். தட்டுக்குப் பின் ரீங்காரம் நீருக்குள் நடப்பதுபோல் நெளியும். முன்பு சொன்ன தலைகீழ்ச் சோதனையை எம்பி3-ஐ வைத்துச் செய்யுங்கள். எம்பி3 தன் தொடக்கத்தில் ஒரு துளி வெறுமையைச் சேர்க்கும், அதைக் கழித்துப் பொருத்த வேண்டும். இப்போது முழு மௌனம் வராது. ஜால்ராவின் சிலிர்ப்பு, ‘ஷ’கரத்தின் உரசல், தம்புரா ஜீவாளியின் மேல்நுனி எல்லாம் பாட்டில்லாத ஆவிகளாகக் கேட்கும். பறிபோனது எது என்று அப்படியே தெரிந்துவிடும். பஜனைப் பாட்டுக்கு 320-க்குக் கீழே போகக் கூடாது என்பது என் கட்சி.

இதையெல்லாம் சரிசெய்தும் பாட்டு டல்லாக இருந்தால் குற்றவாளி அறை. ரமண நகர் வாடகை வீடுகளின் அறைகள் பெரும்பாலும் சதுரம், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். பத்தடி நீளம், பத்தடி அகலம், உயரமும் பத்தடியை ஒட்டி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்சில் ஓர் அலை நின்று ஆடும். அதன் மடங்குகளான 112-இலும் 168-இலும் ஆடும். மூன்று அளவும் ஒன்றானால் மூன்று ஜோடிச் சுவர்களும் ஒரே இடத்தில் குவிந்து ஒலியைத் தூக்கும். மிருதங்கத்தின் தொப்பி சில அடிகளில் மட்டும் பூதாகாரமாக எழும். அறையில் அது போதும் போதும் என்றிருப்பதால் மிக்ஸ் செய்பவர் அதைக் குறைத்துவிடுவார். வெளியே போனதும் தொப்பி காணாமல் போயிருக்கும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் கதையே மாறும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் இன்னொரு விதமாகக் கெடும். மூலைகளில் மெத்தை, பின்சுவரில் புத்தக அலமாரி. செலவில்லாத வைத்தியம் இதுதான். முட்டை அட்டை ஒட்டுவதால் தாழ்ந்த ஒலிக்கு எள்ளளவும் பயனில்லை, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தப் பகுதிக்கென்றே இன்னொரு நோயும் உண்டு. பகலில் செங்கம் சாலை இரைகிறது. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஒலிபெருக்கி. ஆகவே மிக்ஸிங் இரவு பத்துக்கு மேல்தான், அதுவும் அக்கம்பக்கத்தார் எழாதபடி மெதுவாக. சத்தம் குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த ஒலியை அதைவிட வேகமாக இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. இரவில் போதாமல் தெரிவதால் பாஸைக் கூட்டுவார், கொஞ்சம் ட்ரெபிளும் கூட்டுவார். மறுநாள் காரில் போட்டால் குரலே கேட்காமல் வெறும் கும்கும் என்றிருக்கும். இரவில் செய்த முடிவுகளைக் காலையில் ஒருமுறை சாதாரணப் பேச்சுச் சத்தத்தில் வைத்துச் சரிபார்க்காமல் ஏற்றுமதி செய்யக் கூடாது.

நல்ல மிக்ஸ் எப்படி இருக்கும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது, வீட்டை ஒட்டிய ஸ்டுடியோவிலிருந்தே வந்த பாடல்களிடம்தான். கோடம்பாக்கத்தில் ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ்க் காதுக்குப் புதிதாக இருந்தது கருவிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையே விட்டிருந்த வெளி. ரஹ்மானின் பல பாடல்களைப் பதிந்து மிக்ஸ் செய்து, தேசிய விருதுகளும் பெற்று, 2008-இல் மறைந்த எச். ஸ்ரீதரின் வேலையில் அந்த வெளிதான் எனக்குப் பெரிய அழகு. பாஸ் கிடார் நிற்கிற இடத்துக்கு வேறு எதுவும் போகாது. குரலின் மூச்சு கேட்கும். மலிவான ஸ்பீக்கரில் போட்டாலும் பாட்டு பாட்டாகவே இருக்கும். நம் வீட்டு மிக்ஸர்கள் பெரும்பாலும் எல்லாக் கருவியையும் எல்லா இடத்திலும் நிரப்பி, ஸ்டீரியோவை அகலப்படுத்தும் ப்ளகினையும் மேலே பூசி, கடைசியில் லிமிட்டரை வைத்து அழுத்துகிறார்கள். ஹெட்ஃபோனில் அரண்மனை மாதிரி விரியும். கோயில் விழாவின் குழாய் ஸ்பீக்கரில் இடமும் வலமும் ஒன்றாகக் கூடும்போது, செயற்கையாக அகலப்படுத்தியது ஒன்றையொன்று தின்றுவிட, கோரஸ் குரல்கள் மாயமாகிவிடும். மாஸ்டரை ஒருமுறை மோனோவில் போட்டுக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தெருவில் பாடப் பிறந்த பாட்டு தெருவின் ஸ்பீக்கரில் நிற்க வேண்டாமா?

அழுத்தி அழுத்திச் சத்தம் கூட்டுவதிலும் பலன் இல்லை. யூடியூப் தன் சத்த அளவான சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு மேல் போவதைத் தானே இறக்கிவிடுகிறது. நசுங்கியது நசுங்கியபடியே கிடக்கும், சத்தம் மட்டும் மற்றவர்களோடு சமமாகிவிடும். ஏற்றுமதிப் பெட்டியில், உச்சத்தைத் தானே தூக்கிவிடும் நார்மலைஸ் கட்டத்தில் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

24 பிட் வேவ் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லா வடிவத்தையும் அதிலிருந்தே எடுங்கள், எம்பி3-யிலிருந்து இன்னொரு எம்பி3 எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும். படம் ஒட்டி வீடியோவாக அனுப்பினால் அது படத்தோடு ஜால்ராவையும் சேர்த்துச் சுருக்கிவிடும்.