சுன்னாகத்துச் சரளைக்கல்

உள்நாட்டுப் போரில் துண்டிக்கப்பட்ட வட இலங்கையின் மின்தொடர்பு மீண்டபின், கிளிநொச்சியிலிருந்து 132 கிலோவோல்ட் மின்சாரம் 2013 முதல் சுன்னாகம் உபமின் நிலையத்துக்கு வருகிறது. மின்மாற்றிகள் அதை 33 கிலோவோல்ட்டாக இறக்குகின்றன. வீட்டுக்கு 230 வோல்ட்.

இத்தகைய நிலையங்களின் முற்றத்தில் பரப்பும் சரளைக்கல் அழகுக்கல்ல. பழுதின்போது மின்சாரம் மண்ணில் பாய்ந்தால், நிற்பவரின் இரு பாதங்களுக்கிடையிலேயே மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நனைந்தாலும் மண்ணைவிட மின்தடை மிகுந்த கல், உடலில் பாயும் மின்னோட்டத்தைக் குறைத்து உயிர் காக்கிறது. மலிவான பொருளுக்குப் பெரிய வேலை!

மின்கம்பிகளைத் தாங்கும் மின்காப்பிகளின் மடிப்புகளும் அப்படியே. கடற்காற்றின் உப்புப் படிந்து பனியில் நனைந்தால் மின்சாரம் மேற்பரப்பில் கசியும். மடிப்புகள் அதன் பாதையை நீட்டுகின்றன. கரையோரத்தில் அவற்றைக் கழுவவும் வேண்டும்.

இத்தகைய நிலையத்தை விரிவாக்கும்போது, ஒரு மின்மாற்றி பழுதானால் மற்றது சுமை தாங்குமா என்பதே முதற்கணக்கு. ஆனால் வடக்கின் தீவான நெடுந்தீவு இந்த மின் வலையமைப்புக்கு வெளியே. அங்கு தீவிலேயே மின்சாரம் பிறப்பிக்கப்படுகிறது.