யார் சாடை இந்த விலங்கு?

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், மூக்கு யார் சாடை, நெற்றி யார் சாடை என்றுதான் முதலில் பார்ப்போம். அழிந்துபோன ஆண்ட்ரூசார்கஸ் என்ற விலங்கையும் அப்படித்தான் ரசிக்க வேண்டும். நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் செய்வதும் அதைத்தான்.

கழுத்துக்குக் கீழே மறையுங்கள்

ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் மத்திய ஆசியாவுக்குப் போன அமெரிக்க ஆய்வுக் குழு, 1923இல் உள் மங்கோலியாவில் முகாமிட்டிருந்தது. குழுவின் சீன உதவியாளர் கான் சுவென் பாவ் அங்கே ஆண்ட்ரூசார்கஸின் மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார். நீளம் சுமார் 83 சென்டிமீட்டர். உங்கள் கையை நீட்டிப் பாருங்கள், அதைவிடவும் நீளம்! அதோடு கீழ்த்தாடையோ கால் எலும்போ கிடைக்கவில்லை. ஆண்ட்ரூசார்கஸ் படங்களில் நிற்கும் பெரிய ஓநாய் போன்ற உடல் முழுக்க ஊகம். அதைக் கையால் மறைத்துவிட்டுத் தலையை மட்டும் பாருங்கள்.

பல்லைப் பாருங்கள்

வீட்டுப் பூனை கொட்டாவி விடும்போது அதன் பக்கவாட்டுப் பற்களைக் கவனியுங்கள். கத்தரிக்கோல் போல இறைச்சியை வெட்டுவதற்கென்றே அமைந்தவை அவை. ஆண்ட்ரூசார்கஸுக்கு அந்தக் கத்தரி இல்லை. கடைவாய்ப் பற்கள் மழுங்கலானவை. புலி, ஓநாய் வம்சம் அல்ல என்பதற்கு இது நல்ல தடயம்.

வழக்கைப் பின்தொடருங்கள்

களத்தில் மண்டை ஓட்டைப் பார்த்த வால்டர் கிரேஞ்சர், பன்றி முகம் கொண்ட எண்டிலோடான் என்று நினைத்தார். அதன் ஓவியம் நியூயார்க் போனது. அங்கே வில்லியம் டில்லர் மேத்யூ, மெசோனிக்ஸ் குடும்பத்து ஊனுண்ணி என்றார். 1924இல் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் அந்தக் குடும்பத்திலேயே சேர்த்து, ஆண்ட்ரூஸின் பெயரைச் சூட்டினார். ஓநாய்ப் படங்கள் அந்த வழியில் வந்தவை.

2009இல் வெளியான ஓர் ஆய்வு, பல விலங்குகளின் எலும்பு, பல், மரபணுத் தரவுகளைச் சேர்த்து ஒப்பிட்டது. ஆண்ட்ரூசார்கஸ் எண்டிலோடான்களுக்கு அருகில், நீர்யானையும் திமிங்கலமும் இருக்கும் பெருங்கிளையில் போய் உட்கார்ந்தது. கிரேஞ்சரின் முதல் பார்வைக்கு 86 ஆண்டுகள் கழித்து ஒரு சாட்சி!

மண்டை ஓடு அன்று இருந்தபடியேதான் இருக்கிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொந்தங்கள் கூடியிருக்கின்றன, சாடை தெளிந்திருக்கிறது. இனி எந்தத் தொல்விலங்கின் படத்தைப் பார்த்தாலும், கிடைத்த எலும்பு எது, பக்கத்தில் யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்வியிலும்தான் வகைப்பாட்டின் ருசி இருக்கிறது.